சாபத்துக்கு ஒரு விலை

ஜப்பானில் ஒருங்கிணைப்புத் திருச்சபையைக் கலைக்கும்படி டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2025 மார்ச்சில் பிறப்பித்த உத்தரவு, வழிபாட்டைத் தடை செய்யவில்லை. மத நிறுவனம் என்ற சட்ட அந்தஸ்தையும் அதனோடு ஒட்டிவரும் வரிச்சலுகையையும்தான் பறிக்கிறது. சரியான தீர்ப்பு.

சன் மியுங் மூன் 1954இல் சியோலில் தொடங்கிய சபை இது. அதன் இறையியலை நீதிமன்றம் எடைபோடவில்லை. பணம் வந்த வழியைப் பார்த்தது. வீட்டில் நோயா, சாவா? செத்துப்போன முன்னோர் சாந்தியில்லாமல் தவிப்பதுதான் காரணம் என்பார்கள். பரிகாரமாகப் பளிங்குக் குடுவையும் பெயர் முத்திரையும் அநியாய விலைக்குத் தலையில் கட்டப்பட்டன. பணம் கேட்டு வழக்குப் போடமாட்டேன் என்று 86 வயது மூதாட்டியிடம் கையெழுத்தே வாங்கியிருக்கிறார்கள். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொன்னது.

இதையெல்லாம் வழக்கறிஞர்கள் 1987 முதலே அணி திரண்டு சொல்லிவந்தார்கள். முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே 2022இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அரசு விழித்தது. தன் தாய் இந்தச் சபைக்குக் கொட்டிய சுமார் 10 கோடி யென்னால் குடும்பம் நொடித்தது என்பது கொலையாளியின் ஆத்திரம். கொலைக்கு அது நியாயமாகாது. ஆனால், அபே சார்ந்த ஆளும் கட்சி விசாரித்தபோது அதன் 379 நாடாளுமன்ற உறுப்பினர்களில் 179 பேருக்குச் சபையோடு ஏதோவொரு தொடர்பு இருந்தது தெரியவந்தது. தேர்தல் வேலைக்குச் சபையிலிருந்து சம்பளமில்லாத ஆள் கிடைத்தால் கணக்குக் கேட்க யாருக்கு மனம் வரும்?

சபையின் சொத்திலிருந்து முதல் தொகை, ஏமாந்த குடும்பங்களுக்கே போக வேண்டும்.