கை உணராததைக் கருவி உணரட்டும்

ஒரு ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் வையுங்க. எடை தெரியுதா?

இப்போ அதில் ஐந்தில் ஒரு பங்கு எடையை மட்டும் நினைச்சுப் பாருங்க. விழித்திரை அறுவை சிகிச்சையில் கருவியின் முனை தரும் விசை பெரும்பாலும் அதைவிடவும் குறைவு.

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இதை அளந்து 1999ல் வெளியிட்டார்கள். செய்து பார்த்தது பன்றிக் கண்களில். பதிவான விசைகளில் சுமார் 75 சதவீதம் 7.5 மில்லிநியூட்டனுக்கும் கீழே. சரி, அந்த அளவு விசையை சர்ஜனின் கை எத்தனை முறை உணர்ந்தது? ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறைதான்!

அப்படின்னா மீதி நேரம்?

கண்ணை நம்பித்தான் வேலை. மேக்குலாவில் ஓட்டை விழுந்தால், விழித்திரை மேலிருக்கும் ஒரு மெல்லிய சவ்வை உரித்து எடுப்போம். அதன் தடிமன் ஒரு சில மைக்ரான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது விழித்திரை லேசாக மேலெழும், நிறம் வெளுக்கும். அதைப் பார்த்து கையைத் தளர்த்துவோம். அதாவது, இழுத்த பிறகுதான் இழுத்தது தெரியும்.

இதற்கு ஒரு தீர்வு இருக்கிறது. கருவியின் மெல்லிய தண்டில் முடி போன்ற கண்ணாடி இழைகளைப் பதிக்கிறார்கள். தண்டு துளி வளைந்தாலும் இழைக்குள் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைநீளம் மாறும். அதிலிருந்து விசையைக் கணக்கிடலாம்.

'கைப்பிடியிலேயே சென்சார் வைக்கலாமே?' என்று கேட்கலாம். கருவி கண்ணின் வெள்ளைப் பகுதியில் துளை வழியாக நுழைகிறது. அந்த இடத்து உரசல், முனையின் விசையைவிட அதிகம். சந்தைக் கூச்சலில் கிசுகிசு கேட்குமா? அதனால்தான் சென்சார் கண்ணுக்குள்ளே போகும் பகுதியில் இருக்கணும்.

விசை கூடினால் சத்தம் வேகமாகும். கார் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்கும் பீப் மாதிரிதான்.

'இத்தனை வருஷம் இது இல்லாமலே நல்லாத்தானே செய்தோம்?' என்பார்கள் சீனியர்கள். உண்மை. ஆனால் அந்தக் கை எப்படிப் பழகியது? 'மெதுவா, இன்னும் மெதுவா' என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல. எவ்வளவு மெதுவா? அதற்கு எண் கிடையாது.

1896ல் ரிவா-ரோச்சி பிபி கருவியைக் கொண்டுவரும் முன், மருத்துவர்கள் விரலால் நாடியை அழுத்தித்தான் ரத்த அழுத்தத்தை ஊகித்தார்கள். பிபி மெஷின் வந்ததால் யாருடைய திறமையும் குறைந்துவிடவில்லை. இன்று அளக்காமல் மாத்திரை எழுதினால் நீங்களே சும்மா விடமாட்டீங்க.

என் கருத்து இதுதான். விசை அளக்கும் கருவி முதலில் வரவேண்டிய இடம் பயிற்சிக்கூடம். ஆட்டுக் கண்ணில் பழகும் இளம் மருத்துவருக்கு 'இன்று இத்தனை மில்லிநியூட்டன் தாண்டினாய்' என்று காட்டட்டும். பிழைகள் அங்கேயே நடந்து முடியட்டும். நோயாளியின் கண் யாருக்கும் முதல் பாடமாக இருக்கக் கூடாது.

இதைப் படித்துப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க. அனுபவமுள்ள கைகள் இன்றும் இதை நன்றாகவே செய்கின்றன. நேர்கோடு வளைந்து தெரிந்தால், ஒரு கண்ணில் நடுப்பார்வை மங்கினால், உடனே கண் மருத்துவரைப் பாருங்க. அதில் தாமதம் வேண்டாம்.