போன் உப்பிடுச்சா? "கடைசியா ஒரு சார்ஜ்" போடாதீங்க!



வத்தலக்குண்டுல வாங்கின சிப்ஸ் பாக்கெட், பஸ் தாண்டிக்குடி ஏறி வர்றதுக்குள்ள பலூன் மாதிரி உப்பிடும். மேலே காற்றழுத்தம் குறைவு, அவ்வளவுதான். கீழே இறங்கினா சரியாகிடும். ஆனா உங்க போனோட பின்பக்கம் உப்பியிருந்தா, மலை மேல பழி போடாதீங்க. பேட்டரிக்குள்ள ரசாயனம் சிதைஞ்சு வாயு சேர்ந்திருக்கு. அது தானா வடியாது.

மலையில இருந்து வேலை பார்க்கிறவங்க போன் படுற பாடு தனி. சிக்னல் வீக்கா இருந்தா, டவரைப் பிடிக்க போன் கூடுதல் பவர் எடுக்கும். அதோட ஹாட்ஸ்பாட், நாள் முழுக்க சார்ஜர். சூடும், எப்பவும் 100 சதவீதத்துல நிக்கிறதும் லித்தியம் அயன் பேட்டரியைச் சீக்கிரம் கெடுத்துடும்.

உப்பினதும் பலருக்கும் வர்ற யோசனை: "கடைசியா ஒரு சார்ஜ் போட்டு பேக்கப் எடுத்துக்கலாம்." வேண்டவே வேண்டாம்! உங்க டேட்டா பேட்டரியில இல்ல. போர்டுல இருக்கிற மெமரி சிப்புல இருக்கு. சர்வீஸ் சென்டர்ல பேட்டரியை மட்டும் மாத்தினா போட்டோ, கான்டாக்ட் எல்லாம் அப்படியே இருக்கும். அதுக்கு ஃபார்மேட் அவசியமில்ல. டேட்டா வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க.

அதுவரைக்கும் என்ன செய்யணும்?

- சார்ஜரைக் கழட்டி, போனை ஆஃப் பண்ணுங்க.
- அமுக்காதீங்க, குத்தாதீங்க, ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க.
- மெத்தை, கேஸ் அடுப்பு பக்கம் வேண்டாம். சிமெண்ட் தரையில தனியா வைங்க.
- மலை இறங்கும்போது பாக்கெட்ல போடாதீங்க. மணல் போட்ட தகர டப்பாவுல கொண்டு போங்க. கூரியர்ல அனுப்பாதீங்க.
- புகை வந்தா எல்லாரும் வெளியே போய் 112-க்கு கூப்பிடுங்க.
- பழைய பேட்டரி குப்பைத் தொட்டிக்கு இல்ல. சர்வீஸ் சென்டர்லயே கொடுத்துடுங்க.

"இவ்வளவு பயம் தேவையா?"ன்னு கேட்கலாம். 2016 செப்டம்பர்ல சிங்கப்பூர்ல இருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்துல, மேல லக்கேஜ் வைக்கிற இடத்துல இருந்த ஒரு சாம்சங் நோட் 2 புகைய ஆரம்பிச்சது. ஊழியர்கள் தீயணைப்பான் அடிச்சு, போனைத் தண்ணியில போட்டாங்க. விமானம் பத்திரமா இறங்கிடுச்சு. உங்க வீட்ல, ராத்திரி தலகாணிக்குப் பக்கத்துல புகைஞ்சா யார் பார்ப்பாங்க?

இப்ப பணக் கணக்கு. போனுக்கு இஎம்ஐ கட்டுறோம், கவர் வாங்குறோம். பேட்டரிக்கு மட்டும் பட்ஜெட்டே இல்ல. ரெண்டு மூணு வருஷத்துல பேட்டரி தேயும்னு முன்னாடியே தெரியும். தெரிஞ்ச செலவு எப்படி எமர்ஜென்சி ஆகும்? மாசம் 100 ரூபாய் தனியா எடுத்து வைங்க. மூணு வருஷத்துல 3,600 ரூபாய். பல மாடல்களுக்கு புது பேட்டரி அதுக்குள்ளயே முடிஞ்சிடும்.

அதைவிட முக்கியம், சம்பளம் வர்ற அன்னிக்கே ஒரு பேக்கப். கூகுள் கணக்குல 15 ஜிபி இலவசம். ஆபீஸ் லாகின் ரெக்கவரி கோடுகளை ஒரு பேப்பர்ல எழுதி பீரோல வைங்க. பேக்கப் இருக்கிறவங்களுக்கு "கடைசியா ஒரு சார்ஜ்" ஆசையே வராது.

இப்பவே போன் கவரைக் கழட்டி, பின்பக்கம் சமமா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!