உதிரிபாகம் மாறினால் கார் போலியா?

‘பழைய உதிரிபாகம் பாதிக்கு மேல் மாறியிருந்தால் அது வெறும் நகல், சரித்திரக் கார் என்று விற்பது மோசடி’ என்கிறார் ஒரு கட்டுரையாளர். எடுத்துக்காட்டாக அவர் காட்டும் பென்ட்லி ‘ஓல்டு நம்பர் ஒன்’ காரே அவர் வாதத்துக்கு எதிர்ச்சாட்சி.

1929, 1930 இரண்டு ஆண்டுகளும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார் அது. பந்தயக் காரில் பாகங்கள் தேயும், உடையும், மாற்றப்படும். அதுதான் அதன் பிழைப்பு. 1932இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் எட்டு லிட்டர் என்ஜினோடு ஓடியபோது விபத்துக்குள்ளாகி ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பிறகு மேற்கூரையுள்ள கூப்பேயாக அதை மறுபடி கட்டினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு கோடி பவுண்டுக்கு விலைபேசியவர், ‘இது அந்தக் காரே அல்ல’ என்று பின்வாங்க, வழக்கு லண்டன் உயர்நீதிமன்றம் போனது. 1930இன் பாகங்களில் கியர்பெட்டியின் உறை, ஸ்டீயரிங் தண்டு போன்ற சிலவே மிஞ்சியிருந்தன என்பதை நீதிபதி ஆட்டன் மறைக்கவில்லை. ஆனாலும் 1990இல் அவர் தீர்ப்பு விற்றவர் பக்கம்தான்: இடையில் ஒருநாளும் இல்லாமல் போகாத, தொடர்ந்து வாழ்ந்த கார் இது என்றார்.

தொடர்ச்சி என்ற இந்த அளவுகோலை எப்படி மறுக்கிறார் கட்டுரையாளர்? மறுக்கவே இல்லை, தீர்ப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அது கோபமூட்டுகிறது.

உண்மையான மோசடி வேறிடத்தில் நடக்கிறது. என்றோ உருக்கப்பட்ட காரின் சேசிஸ் எண்ணைப் புதுத் தகட்டில் பொறித்து, இல்லாத வாழ்க்கையை விற்கிறார்கள். அங்கே கேள்வி கேட்கட்டும்: பந்தயப் பதிவு எங்கே, பணிமனைக் குறிப்பு எங்கே, கைமாறிய ஆவணம் எங்கே?