ஏரி பொதுச்சொத்து, படகுத்துறை யாருடைய சொத்து?

கொடைக்கானல் ஏரிக்கரையில் படகு கட்டும் துறை யாருக்கு உரியது என்ற தகராறு இன்று நேற்று வந்ததல்ல. ஏரி பொதுஜனங்களின் சொத்து. அதைப் பராமரிக்கும் பொறுப்பு முனிசிபாலிடிக்கு. ஆனால் கரையில் ஒரு பக்கம் படகுச் சங்கத்தின் துறை, இன்னொரு பக்கம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் துறை என்று பாகம் பிரித்தது போல் இருக்கிறது. குத்தகை யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு, என்ன வாடகைக்கு, ஏலம் உண்டா இல்லையா என்ற சச்சரவு வெகு காலமாக நடந்து வருகிறது.

திண்டுக்கல் தோல் ஷாப்பில் வேலை செய்யும் தொழிலாளி கேட்கலாம்: "குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கிறோம். மலை மேல் உல்லாசப் படகு விடுகிறவர்களின் சண்டையில் நமக்கு என்ன வேலை?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போவது முறையாகாது.

முதலில் போவது கரை

நமது கிராமத்துக் கண்மாய்களில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கண்மாய் ஊருக்குப் பொது. முதலில் மீன்பாசி குத்தகை என்று ஒருவர் ஏலம் எடுப்பார். குத்தகை மீனுக்குத்தான்; தண்ணீருக்கு அல்ல, கரைக்கும் அல்ல. ஆனால் கொஞ்ச நாளில் கரையில் ஒரு குடிசை முளைக்கும். காவலுக்கு ஆள் வரும். மாடு குளிப்பாட்டப் போனவனை "இறங்காதே" என்று விரட்டும். அடுத்த வருஷம் அந்தக் கரையிலேயே வேலியும் வந்துவிடும். பத்திரத்தில் கண்மாய் ஊருடையதுதான். கால் வைக்கத்தான் இடமில்லை.

பொதுத் தண்ணீர் பறிபோகும் விதமே இதுதான். முதலில் கரை போகும், பிறகு தண்ணீர் போகும். கொடைக்கானலில் படகுத்துறைக்கு நேருவதும் நிலக்கோட்டைக் கண்மாய்க்கு நேருவதும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள். மேலே ஒரு நியாயம், கீழே ஒரு நியாயம் இருக்க முடியாது. ஆகவேதான் இந்த விஷயம் நமது விஷயம் என்கிறோம்.

ஏரி வந்த வரலாறு

சுமார் 60 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரி இயற்கையாக வந்ததல்ல. 1863-இல் மதுரை ஜில்லா கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச், சதுப்பு நிலத்தில் ஓடிய ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கினார். தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து மிதக்கவிட்டவரும் அவர்தான் என்று சொல்வார்கள். 1890-இல் படகுச் சங்கம் ஏற்பட்டது.

லெவிஞ்சின் பெயரைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. கரைக்கு மண் சுமந்தவர்களின் பெயரை எழுதவில்லை. மோட்டார் போகும் மலைச்சாலை வந்ததே இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் வெள்ளைக்காரத் துரைமார்களும் அவர்கள் குடும்பத்தாரும் எப்படி மலையேறினார்கள்? பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து டோலியில் ஏறினார்கள். டோலியைத் தூக்கியவர்கள் சமவெளிக் கூலியாட்கள். சாலை இல்லாத மலையில் படகு மட்டும் தானாக ஏறியிருக்குமா? சுமந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று ஏரிக்கரைக்குப் போனால் அவர்கள் விருந்தாளிகள் அல்ல, பங்காளிகள்.

சங்கத்தின் படகுகள் பொதுஜனங்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் திறந்துவிடப்பட்டது 1932-இல். அதாவது சங்கம் ஏற்பட்டு 42 வருஷத்துக்குப் பிறகு!

ஓய்வும் நமது உரிமை

உல்லாசம் பணக்காரனுக்கு, உழைப்பு ஏழைக்கு என்று யார் விதித்தார்கள்? வாரம் ஒரு நாள் விடுமுறை என்பது எந்த முதலாளியும் மனமுவந்து கொடுத்ததல்ல. உலகெங்கும் தொழிலாளர்கள் போராடிப் பெற்றது. நம் நாட்டில் 1948-ஆம் வருஷத்து தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதப்பட்டது. அந்த ஒரு நாளை எங்கே கழிப்பது என்பதும் உரிமைப் பிரச்னையே.

வேடசந்தூர் பக்கத்து நூல் மில்களில் ஹாஸ்டலில் தங்கி ஷிப்டு பார்க்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். நிலக்கோட்டையில் விடியுமுன் மல்லிகை பறிக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை சுமப்பவர்கள் இருக்கிறார்கள். கொடைக்கானல் அவர்கள் வாழும் ஜில்லாவிலேதான் இருக்கிறது. ஆயினும் குழந்தை குட்டிகளோடு ஒரு நாள் அங்கே போய், கூசாமல் படகில் ஏறி உட்கார்ந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்?

இங்கிலாந்தில் மான்செஸ்டர், பருத்தி மில்களுக்குப் பேர்போன ஊர். அதன் பக்கத்து மலைகளைப் பிரபுக்கள் பறவை வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24-இல் சில நூறு இளம் தொழிலாளர்கள், பென்னி ராத்மன் என்ற இளம் கம்யூனிஸ்டின் தலைமையில், தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. குற்றம், மலையில் நடந்ததிலிருந்து தொடங்கியது! பின்னர் 1949-இலும் 2000-இலும் மலைவெளிகளில் நடக்கும் உரிமைக்குச் சட்டங்கள் வந்தன. 2002-இல் அந்த நிலத்துக்குரிய பிரபு வம்சத்தின் வாரிசே தம் பாட்டனார் செய்ததற்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்நாட்டு ஆறுகளில் பெரும்பாலானவற்றில் படகு விடுவதற்குத் தகராறில்லாத உரிமை இன்றும் இல்லை. தண்ணீரை விட்டுக்கொடுக்கச் சொத்துக்காரர்களுக்கு அவ்வளவு எளிதில் மனம் வருவதில்லை.

ஏட்டு உரிமையும் நாட்டு உரிமையும்

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதிக்கரையில், ஒரு மத்திய மந்திரியின் குடும்பத்தாருக்குத் தொடர்புள்ள கம்பெனியின் விடுதிக்கு வன நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. 1996-இல் சுப்ரீம் கோர்ட் அந்தக் குத்தகையை ரத்துச் செய்தது. நதி, கரை, காடு ஆகியவற்றுக்குச் சர்க்கார் தர்மகர்த்தாவே தவிர முதலாளி அல்ல என்று சொல்லிற்று. கோயில் தர்மகர்த்தா கோயில் குளத்தைத் தன் மைத்துனனுக்கு எழுதி வைக்க முடியுமா? முனிசிபாலிடியும் அப்படித்தான்.

ஆனால் ஏட்டில் இருக்கும் உரிமை தானாகக் கரைக்கு இறங்கி வராது. மஹத் ஊரின் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக அவ்வூர் முனிசிபாலிடி 1924-இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20-இல் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்க் குளத்து நீரை அள்ளிக் குடித்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகும் வழக்குப் போட்டு இழுத்தார்கள். பம்பாய் ஹைகோர்ட் தீர்ப்பு வர 1937 ஆயிற்று. உல்லாசப் படகும் குடிதண்ணீரும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. பொதுத் தண்ணீருக்குக் காவல் காகிதம் அல்ல, ஜனங்கள் என்பதே பாடம்.

சங்கமா, காண்டிராக்டரா?

சங்கத்தின் கையில் இருந்தால் ஒழுங்காக இருக்கும் என்று ஒரு சாரார் வாதிக்கிறார்கள். ஏலத்தில் விட்டால் முனிசிபாலிடிக்கு வருமானம் வரும் என்று மற்றொரு சாரார் வாதிக்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. பழைய சங்கம் என்பதற்காகப் பொதுச்சொத்தை அடிமாட்டு வாடகைக்கு விட முடியாது. ஆனால் அதிக விலை கேட்டவனுக்கே துறை என்றால் என்ன ஆகும்? ஏலத்தில் கொட்டிய பணத்தைக் காண்டிராக்டர் எங்கிருந்து எடுப்பார்? படகுக் கட்டணத்தை ஏற்றுவார், படகோட்டியின் கூலியைக் குறைப்பார். அந்தஸ்து பார்த்து மூடிய கதவு போய், பர்ஸ் பார்த்து மூடும் கதவு வரும். கதவு கதவுதான்.

"ஜனங்களை விட்டால் ஏரி குப்பையாகிவிடும்" என்று இன்னொரு வாதம் வருகிறது. ஏரியைக் கெடுப்பது குப்பைத்தொட்டி இல்லாத கரையும், வடிகாலைச் சரிசெய்யாத கட்டடங்களின் கழிவுநீருமே. கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அரசு பஸ்ஸுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அது சரியான வழி. மலைக்குப் பாரம் காரால்தான் அதிகம். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் வருகிற தொழிலாளிக் குடும்பங்களால் அல்ல.

நாம் கோருவது

ஏரிக்கரையில் உள்ள ஒவ்வொரு குத்தகையும் யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு, என்ன வாடகைக்கு என்று கரையிலேயே தமிழில் பலகை எழுதி வைக்க வேண்டும்.

முனிசிபாலிடியின் நேர் பொறுப்பில், எவருக்கும் குத்தகைக்கு விடாத ஒரு பொதுத் துறை என்றென்றும் இருக்க வேண்டும். அங்கத்தினரா என்று கேட்காமல் எவரும் அங்கே தண்ணீர் வரை இறங்கலாம் என்றிருக்க வேண்டும்.

எல்லாத் துறைகளிலும் கட்டணத்தை முனிசிபல் கவுன்சில் நிர்ணயிக்க வேண்டும்; ஒரு நாள் கூலிக்காரர் குடும்பத்தோடு ஏறக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

துடுப்புப் போடுகிறவர்களுக்கும் துறையில் வேலை செய்கிறவர்களுக்கும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியும், பிராவிடண்ட் ஃபண்டும், உயிர்காப்பு உடையும் உறுதி செய்யப்பட வேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. நாளைக்கே ஒரு தீர்மானத்தில் முடியக்கூடியவை. தீர்மானம் வந்தால் அது பலகையில் ஏறுகிறதா, கரையில் நடக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. நமது ஊர்க் கண்மாயில் மீன்பாசிக் குத்தகைக்காரர் வேலி போடும்போது அதே கண்ணோடு கேளுங்கள்: குத்தகை மீனுக்கா, கரைக்கா?