மோட்டாரில் ஓதும் ஸ்தல புராணம்

அமெரிக்காவுக்கு உத்தியோகத்திற்கோ, பிள்ளைகளைப் பார்ப்பதற்கோ போய்வருகிற நம்மவர்களில் பலர் அந்நாட்டு மலைப் பாதைகளில் மோட்டார் பிரயாணம் செய்த பெருமையைச் சொல்லும்போது, "வழிகாட்டி என்று ஒரு ஆளுங்கூட வேண்டியதில்லை; கைபேசியே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்துவிட்டது" என்று சொல்லுகிறார்கள். மலை வந்தால் மலையின் பெயரும், அருவி வந்தால் அருவியின் கதையும், பார்க்கத் தகுந்த இடம் வந்தால் "இங்கே நிறுத்துங்கள்" என்ற யோசனையும் தானாகவே காதில் விழுகிறதாம். இதைப் பற்றி நமக்குத் தோன்றும் சில விஷயங்களை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

முதலாவதாக, இந்த ஏற்பாட்டையே நாம் குறைகூற வரவில்லை. மனிதன் கண்டுபிடித்த நல்ல சாதனங்களில் இதுவும் ஒன்று. இதில் தெய்வசக்தி ஏதுமில்லை, சுத்தமான கணக்குத்தான். ஆகாயத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது 4 கோள்களின் சேதி வந்து சேர எவ்வளவு தாமதமாயிற்று என்பதைக் கொண்டு, கைபேசி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுக் கொள்ளுகிறது. அந்தக் கோள்களிலுள்ள கடிகாரங்கள் பூமியிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ செகண்டு முந்தி ஓடுகின்றன. ஒரு செகண்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 38 பங்குதான் இது. அந்த அற்ப வித்தியாசத்தையும் அய்ன்ஸ்டீனின் தத்துவத்தைக் கொண்டு முன்கூட்டியே திருத்தி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒரே நாளில் கணக்கு மைல் கணக்கில் தவறிப்போகும். ஊரிலேயே ஒலிப்பதிவை இறக்கி வைத்துக்கொண்டால், டெலிபோன் கோபுரமே இல்லாத மலைக் காட்டிலும் அது பேசும். கூலி பேசி, கைகட்டி, ஒருவன் பின்னால் போகவேண்டியதில்லை. வேண்டிய இடத்தில் நிற்கலாம். வேண்டாத இடத்தைத் தாண்டலாம். ஏழைக் குடும்பத்திற்கும் கட்டுப்படியாகக் கூடிய காசில் இவ்வளவு சவுகரியம் கிடைக்குமானால் அதை வரவேற்க வேண்டியதுதான்.

நிற்க, நமது கேள்வியெல்லாம் சாதனத்தைப் பற்றியதல்ல. அதன் வாயில் புகுந்துகொண்டு பேசுகிறவர் யார் என்பதைப் பற்றியதேயாகும். கிராமத்தில் நாலு பேர் முன்னால் ஒருவன் கதை சொன்னால் "அதெப்படி அய்யா?" என்று ஒருவனாவது எழுந்து கேட்பான். ஒலிப்பதிவினிடம் யார் கேட்பது? கேட்டால் அது பதில் சொல்லுமா? நாம் யோசிப்பதற்குள் அடுத்த மலை வந்துவிடுகிறது. அடுத்த கதையும் வந்துவிடுகிறது. ஆகவே திருப்பிக் கேள்வி கேட்க முடியாத வாய் எதுவாயிருந்தாலும், அது வைதிகன் வாயாயிருந்தாலும் யந்திரத்தின் வாயாயிருந்தாலும், அதனிடம் மனிதன் இரட்டிப்பு எச்சரிக்கையோடு இருக்கவேண்டும் என்கிறோம்.

உதாரணத்திற்கு ஒரு பாதையையே எடுத்துக்கொள்ளுவோம். மொன்டானா மாகாணத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவுக்குக் குறுக்கே சுமார் 50 மைல் நீளத்தில் ஒரு மலைப் பாதை போகிறது. 6,646 அடி உயரத்திலுள்ள லோகன் கணவாயை அது தாண்டுகிறது. உலகத்தின் அழகான பாதைகளில் ஒன்று என்று பேர் வாங்கியது. அதன் பெயர் "கோயிங் டு தி சன் ரோடு", அதாவது "சூரியனுக்குப் போகும் பாதை". இந்தப் பாதைக்கு இத்தகைய ஒலிப்பதிவுகள் பல உண்டு. பெயரைக் கேட்டவுடனே "ஏன் இந்தப் பெயர்?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அங்கேதான் ஸ்தல புராணம் ஆரம்பமாகிறது.

"சூரியனிலிருந்து ஒரு தேவன் இறங்கி வந்தான், பிளாக்பீட் ஜாதியாருக்கு வேட்டையாடக் கற்றுக்கொடுத்தான், திரும்பிச் சூரியனுக்குப் போகும்போது தன் உருவத்தை மலையுச்சியில் பதித்துவிட்டுப் போனான்" என்பதே அந்தப் புராணம். கேட்பதற்கு இனிமைதான். ஆனால் இது எங்கே எழுதப்பட்டது தெரியுமா? பாதையின் திறப்பு விழா நடந்த 1933-ம் வருஷத்தில், அமெரிக்க சர்க்காரின் உள்நாட்டு இலாகா பத்திரிகைகளுக்குக் கொடுத்த அறிக்கையிலே எழுதப்பட்டது! 1880-களில் அங்கு வந்த ஒரு வெள்ளைக்காரரே மலைக்குப் பெயரையும், பெயருக்குக் கதையையும் கட்டினார் என்று மற்றொரு வரலாறும் சொல்லப்படுகிறது. பிளாக்பீட் மக்களுக்கென்று பழங்கதைகள் இல்லாமலில்லை. அவை அவர்களுடைய சொத்து. அவற்றை அவர்களே சொல்லட்டும், நாமும் கதையென்றே கேட்போம். ஆனால் சர்க்கார் ஆபீசில் அச்சான காகிதத்தை "ஆதிகுடிகளின் அய்தீகம்" என்று யந்திரம் ஓதினால், அது யாருடைய அய்தீகம் என்று கேட்க வேண்டாமா?

தேவன் சூரியனுக்குப் போன கதை இருக்கட்டும். அந்த மண்ணுக்கு உரியவர்கள் எங்கே போனார்கள் என்பதல்லவா முதலில் சொல்லப்பட வேண்டிய சங்கதி?

அந்தச் சங்கதியில் தேவனும் இல்லை, அற்புதமும் இல்லை. பிளாக்பீட் மக்களின் ஜீவாதாரம் காட்டெருமை. வெள்ளைக்காரர் வந்த சில பத்தாண்டுகளில் அது அடியோடு அழிந்தது. சர்க்கார் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட உணவு போதுமானதாக வரவில்லை. 1883-84-ம் வருஷக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். இப்படி வயிறு ஒட்டிப்போனவர்களிடம், 1895-ல் சர்க்காரின் பிரதிநிதிகள் மலையை விலைக்குக் கேட்டு வந்தார்கள். எதற்காக? மலையின் அழகுக்காகவா? இல்லை. அங்கே செம்பும் பொன்னும் கிடைக்கும் என்ற ஆசைக்காக. மலைக்காரர்கள் 30 லட்சம் டாலர் கேட்டார்கள். வந்தவர்கள் 10 லட்சம் என்றார்கள். கடைசியில் 15 லட்சத்திற்கு முடிந்தது. இன்று சூரியப் பாதையின் கிழக்குப் பாதி கிடக்கும் நிலம் இப்படிக் கைமாறியதுதான். அதன்பின் 1898-ல் சுரங்கக்காரர்கள் திரண்டு போய்த் தோண்டினார்கள். குறிப்பிடும்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. பொன் இல்லை என்று ருசுவான பிறகுதான், 1910-ல் அது தேசியப் பூங்காவாயிற்று!

அந்த 1895-ம் வருஷ ஒப்பந்தத்தில் பிளாக்பீட் மக்கள் ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தார்கள். அந்நிலம் அமெரிக்க தேசத்தின் பொது நிலமாயிருக்கும் வரையில் அதில் போய்வரவும், தங்கள் உபயோகத்திற்கு மரம் வெட்டவும், வேட்டையாடவும், மீன் பிடிக்கவும் தங்களுக்கு உரிமை உண்டு என்பதே அது. பூங்கா ஏற்பட்டதும் சர்க்கார் என்ன சொல்லிற்று? "பூங்காவாகிவிட்டபடியால் இது இனி ஒப்பந்தத்தில் கண்ட பொது நிலம் அல்ல, ஆகவே உங்கள் உரிமை தீர்ந்தது" என்று வாதித்தது. பொது ஜனங்கள் எல்லோருக்குமாகத் திறந்துவிட்ட இடம் பொது நிலம் அல்லவாம்! இந்த வியாக்கியானத்திற்கு எந்தச் சாஸ்திரி ஈடாவான் என்று கேட்கிறோம்.

வேடிக்கை இதோடு நின்றபாடில்லை. பூங்காவுக்கு ஜனங்களை இழுத்துவந்து லாபமடைந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே கம்பெனி அதே பிளாக்பீட் மக்களைச் சம்பளத்திற்கு அமர்த்தி, இறகுக் கிரீடம் வைத்து, ஓட்டலின் முன்னால் கூடாரம் போட்டு உட்காரவைத்து, வருகிற பிரயாணிகளை வரவேற்கச் செய்தது. அவர்களுக்குக் "கிளேசியர் பூங்கா இந்தியர்கள்" என்று புதுப் பெயரும் சூட்டி விளம்பரம் செய்தது. வேட்டையாட வந்தால் குற்றவாளி. வேஷம் போட்டு நின்றால் விருந்தாளி! உரியவனைக் காட்சிப் பொருளாக்கி, அவன் பெயரால் ஒரு புராணத்தையும் கட்டிவிட்டால் கிரயப் பத்திரத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

இனி, பாதையைப் போட்டவர்கள் யார்? இதற்கும் தேவன் வரவில்லை. 1924-ல் அளவெடுக்கப் போன எஞ்சினீயர் பிராங்க் கிட்ரெட்ஜும் அவருடைய 32 ஆட்களும் தினமும் காலையில் சுமார் 3,000 அடி ஏறியே வேலைக்குப் போனார்கள். கஷ்டம் தாங்காமல் ஓடியவர்கள் போக, 3 மாதத்திற்குள் ஆட்கள் மாறிய கணக்கு 300 சதவிகிதம். அதாவது, முழுக் கூட்டத்தையும் மூன்று தடவை புதிதாகச் சேர்த்த மாதிரி. கிழக்குப் பக்கத்துச் சுரங்க வழி 408 அடி நீளம். பெரிய யந்திரங்களை அங்கே கொண்டுபோக முடியாததால், வெடித்த பாறையை மனிதர்கள் கையாலேயே வாரி வெளியேற்றினார்கள். பாதை வேலையில் 3 தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். இன்று மோட்டார் மூச்சுத் திணறாமல் ஏறுகிறதென்றால், ஏற்றம் 100 அடிக்கு 6 அடிக்கு மேல் போகாதபடி திட்டம் போட்ட மூளையும், மலைச் சரிவில் கல் செதுக்கிய கையுமே காரணம். சூரிய தேவன் ஒரு கல்லைக்கூடப் புரட்டவில்லை.

"உல்லாசமாய்ப் போகிறவன் காதில் பட்டினியையும் சாவையும் சொல்லலாமா?" என்று சிலர் கேட்கலாம். உண்மையைக் கேட்டதும் அழகு ஓடிப்போகுமா என்று திருப்பிக் கேட்கிறோம். அந்த மலையின் பாறைகளில் பல 100 கோடி வருஷங்களுக்கும் மேற்பட்டவை. பூமியின் அசைவினால் அந்தப் பழம்பாறை இளம்பாறையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்த உண்மை எந்தப் புராணத்திற்கு அழகில் குறைந்தது? இந்தப் பாறையை யார் இழந்தார்கள், யார் குடைந்தார்கள் என்று தெரிந்து பார்ப்பவன், ஒன்றும் தெரியாமல் வாய் பிளப்பவனைவிட அதிகமாகவே பார்க்கிறான்.

"விஞ்ஞானிகள் மட்டும் தவறு செய்வதில்லையா?" என்றும் கேட்கலாம். தாராளமாகச் செய்கிறார்கள். அதற்கு உதாரணமும் அதே பூங்காவிலேயே இருக்கிறது. 1850-ல் சுமார் 150 பனியாறுகள் இருந்ததாக மதிப்பிடப்பட்ட அவ்விடத்தில், 2015-ம் வருஷக் கணக்குப்படி பனியாறு என்று சொல்லத்தக்க அளவில் எஞ்சியவை 26. உலகம் சூடேறுவதே இதற்கு முக்கியக் காரணம். 2020-க்குள் எல்லாம் மறைந்துவிடும் என்று பூங்காவில் சில பலகைகளும் வைத்திருந்தார்கள். 2020 வந்தது, பனியாறுகள் சுருங்கியிருந்தனவேயன்றி முற்றும் மறையவில்லை. என்ன செய்தார்கள்? பலகையை மாற்றினார்கள், எப்போது மறையும் என்பது மனிதர் நடந்துகொள்வதைப் பொறுத்தது என்று திருத்தி எழுதினார்கள். அறிவுக்கும் புராணத்திற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அறிவு தவறினால் பலகை மாறும். புராணம் தவறினால், சந்தேகப்பட்டவன் நாஸ்திகனாவான்.

ஒலிப்பதிவு செய்கிறவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். சரித்திரத்தை மறைக்காமல் சொல்லுகிறவர்களும் உண்டு. புராணத்தை விரித்து ஓதிவிட்டுக் கிரயத்தை விழுங்கும் வாயைத்தான் நாம் கண்டிக்கிறோம். ஆகவே இப்படிப் பிரயாணம் செய்யும் தோழர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் இவ்வளவுதான்: கேளுங்கள், ஆனால் நம்புவதற்கு முன் நிறுத்துங்கள். அந்த யந்திரத்தில் நிறுத்துவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. "இதை யார் சொன்னது? எப்போது சொன்னது? யாருக்கு லாபம்? யாருடைய வாய் இதில் மூடப்பட்டிருக்கிறது?" என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். யந்திரம் பதில் சொல்லாவிட்டால், சொல்லக்கூடிய மனிதர்களைத் தேடுங்கள். அந்தப் பூங்காவிலேயே 1982 முதல் ஆதிகுடிகள் தாங்களே வந்து பிரயாணிகளுக்குத் தங்கள் சரித்திரத்தைச் சொல்லும் கூட்டங்கள் கோடைகாலத்தில் நடந்துவருகின்றன. பிளாக்பீட் மக்களே வழிகாட்டிகளாயிருந்து அதே பாதையில் வண்டியில் அழைத்துப்போவதும் உண்டு. அவர்களைக் கேள்வி கேட்கலாம். அவர்கள் பதில் சொல்லுவார்கள்.

காது கொடுப்பது மரியாதை. ஆனால் புத்தியையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது அடிமைத்தனம். பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்பதற்காகவோ, விலை கொடுத்து வாங்கினோம் என்பதற்காகவோ ஒரு சொல் உண்மையாகிவிடாது. மோட்டாரைத் தானே ஓட்டத் தெரிந்த மனிதன் தன் அறிவையும் தானே ஓட்டவேண்டும் என்பதே நமது அபிப்பிராயமாகும்.