செத்த சிஸ்டத்துக்கு உயிர்: 20 வருஷ உழைப்பு வீணா?

கம்பெனி மூடியாச்சு. சரக்கும் மார்க்கெட்டை விட்டுப் போச்சு. அதன் பிறகும் சம்பளம் இல்லாமல் ஒரு கூட்டம் அதற்காக உழைக்கிறது. 'இது என்ன பைத்தியக்காரத்தனம்?' என்று கேட்பவர்கள் உண்டு.

அமெரிக்காவில் 'பீ' என்று ஒரு கம்பெனி. ஆப்பிளில் பெரிய பதவியில் இருந்த ழான் லூயி கசே 1990-ல் தொடங்கியது. கம்ப்யூட்டரை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றைத் தயாரித்தது. பெயர் 'பீஓஎஸ்'. அந்தக் காலத்து மெஷினிலேயே பல வீடியோக்களை ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டியது. பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தனர்!

பேரம் முறிந்தது

1996-ல் ஆப்பிளே விலைக்குக் கேட்டது. விலை படியவில்லை. ஸ்டீவ் ஜாப்சின் 'நெக்ஸ்ட்' கம்பெனியை 40 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஆப்பிள் வாங்கிக்கொண்டது. பீ கம்பெனியோ, 2001-ல் வெறும் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு 'பாம்' கம்பெனி கைக்குப் போயிற்று. சிஸ்டத்துக்கு அத்தோடு மூடுவிழா!

அதே ஆண்டு ரசிகர்கள் சிலர் கிளம்பினார்கள். அசல் புரோகிராமில் ஒன்றிரண்டு பகுதிகள்தான் வெளியே கிடைத்தன. மிச்சம் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. பெயரில் தகராறு வரக்கூடாதென்று 2004-ல் 'ஹைக்கூ' என்று மாற்றினார்கள்.

வேகம் ஆமை வேகம்தான். முதல் ஆல்பா 2009-ல். முதல் பீட்டா 2018-ல். 2024 செப்டம்பரில் வந்ததும் பீட்டாதான், ஐந்தாவது! இருபது வயதில் சேர்ந்தவனுக்கு இப்போது தலை நரைத்திருக்கும்.

'இந்த உழைப்பை லினக்சில் போட்டிருந்தால் எத்தனை பேருக்குப் பயன்?' என்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆசைக்குச் செய்கிற வேலை முனிசிபாலிடி தண்ணீரா, இந்தத் தெருவில் அடைத்தால் அடுத்த தெருவுக்குப் பாய? ஹைக்கூவை மூடினால் பாதிப் பேர் வீட்டுக்குத்தான் போவார்கள்.

டாஸ் கதை தெரியுமா?

1994-ல் எம்எஸ்-டாசுக்கு மைக்ரோசாஃப்ட் முழுக்குப் போடப் போகிறது என்று தெரிந்ததும், ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர் 'ஃப்ரீடாஸ்' தொடங்கினார். பிற்பாடு விண்டோஸ் இல்லாமல் விலை குறைத்து விற்ற லேப்டாப்புகளில் பெரிய கம்பெனிகளே அதைப் போட்டுக் கொடுத்தன. நம்ம ஊர்க் கடைகளிலும் 'டாஸ் லேப்டாப்' என்று விற்றார்களே, அதுதான்! பழைய கணக்கு புரோகிராமை விட முடியாதவர்களுக்கும் அது கை கொடுக்கிறது.

ஹைக்கூ விண்டோசை வீழ்த்தப் போவதில்லை. பணம் வைத்திருந்த பீ கம்பெனியாலேயே ஆகாத காரியம் அது. ஆனால் லிப்ரே ஆபீஸ் அதில் ஓடுகிறது. பழைய பீஓஎஸ் புரோகிராம்கள் அதன் 32 பிட் பதிப்பில் ஓடுகின்றன. 2021-ல் நன்கொடைப் பணத்தில் ஒருவரை முழுநேர வேலைக்கே வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி உரிமம் கொடுத்திருப்பதால், இனி எந்த முதலாளியும் அதை விற்று மூட முடியாது. இதை வீண் என்று எப்படிச் சொல்வது?

ஒன்று மட்டும் கேட்கலாம். 'பீட்டா' போர்டை இன்னும் எத்தனை வருஷம் மாட்டி வைப்பது? முதல் முழுப் பதிப்புக்கு ஒரு தேதி சொல்லட்டும்.