ஐந்து குதிரை வாங்கப் போனவன்

என் மச்சினனுக்குக் கார் என்றால் உயிர். லோன் கட்டி முடிக்க இன்னும் முப்பத்தெட்டு மாசம் பாக்கி என்பதால், நியாயமாகப் பார்த்தால் ஸ்டீரிங்கும் முன்சக்கரம் இரண்டும்தான் அவனுடையது. மிச்சமெல்லாம் பாங்க்குடையது. ஆனாலும் பாங்க்கை ஒரு வார்த்தை கேட்காமல் காரின் அடிவயிற்றில் கை வைத்துவிட்டான்.

ஜனவரியில் நாலு நாள் லீவு போட்டுவிட்டு மாமனார் வீட்டுக்குப் பள்ளங்கி போயிருந்தேன். கொடைக்கானல் டவுனைத் தாண்டி இறங்கினால் பூண்டும் காரட்டும் படிப்படியாகப் போட்டிருக்கிற மலைச்சரிவு. விடியற்காலை ஐந்தரை மணிக்கு, இரண்டு கம்பளிக்கு அடியில் நான் சௌக்கியமாக இருந்த சமயம், பாதையில் ஒரு உறுமல் கேட்டது. காட்டுமாடு என்றுதான் முதலில் நினைத்தேன். காட்டுமாடு கியர் மாற்றாது என்று உறைப்பதற்குள் மாமியார் அடுப்படியிலிருந்து, "புள்ள வந்துட்டான்!" என்றார்.

கோயமுத்தூர் ஆபீஸில் வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரை மூடிவிட்டு, பழனி மலைப்பாதை வழியாக ராத்திரியோடு ராத்திரியாக வந்திருக்கிறான். மலை வீடுகளில் காரை நேராகக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. ரிவர்ஸில்தான் ஏற்ற வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு பெரியவர் டார்ச் லைட்டோடு நின்று, "வா... வா... ஒடிச்சு வா... இன்னும் வா..." என்று சொல்ல வேண்டும். பள்ளங்கியில் அந்த உத்தியோகம் என் மாமனாருக்கு. மப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றவர் நாலாவது "வா"வில் இருமத் தொடங்கினார். ஐந்தாவது "வா" வரவேயில்லை. திண்ணையில் வந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே, "என்னடா இது, கண்ணெல்லாம் எரியுது?" என்றார். அவருக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு.

காபி வந்ததும் மச்சினன் விளக்கினான். "ஹை-ஃப்ளோ கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மாத்திட்டேன் மச்சான். கம்பெனி கொடுத்தது எஞ்சினோட கழுத்தப் பிடிக்குது. இது சும்மா ஃப்ரீயா விடும். அஞ்சு குதிரை சக்தி கூடும்னாங்க."

"எவ்வளவு மாப்ளே?"

மாமனார் உள்ளே போகும்வரை காத்திருந்து தொகையைச் சொன்னான். அவனுடைய ஒரு மாசச் சம்பளம். குதிரை ஒன்றுக்கு ஆறு நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

இந்தக் கன்வர்ட்டர் என்ன பண்ணுகிறது என்று பார்த்துவிடலாம். ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில் 'வினையூக்கி' என்று படித்து, பரீட்சை முடிந்த மறுநாள் மறந்தோமே, அதுதான். வினையூக்கி கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு வீட்டாரையும் பேசி முடித்துவைப்பார். ஆனால் தான் மட்டும் அதே பை, அதே குடையோடு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடுவார். எஞ்சினுக்கும் சைலன்ஸருக்கும் நடுவே இருக்கிற டப்பாவுக்குள் பீங்கானில் செய்த தேனடை மாதிரி ஒன்று. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 400 கண்கள். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகியவற்றை லேசாகப் பூசியிருப்பார்கள். எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உள்ளே போனால் கார்பன் டையாக்சைடாக வெளியே வரும். எரியாத பெட்ரோல் மிச்சம் கார்பன் டையாக்சைடும் தண்ணீருமாகும். நைட்ரஜன் ஆக்சைடுகள் மறுபடி வெறும் நைட்ரஜனாகும். நன்றாகச் சூடேறிய கன்வர்ட்டர் இந்த மூன்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முடித்துவிடும். குளிர்காலத்தில் கார்ப் பின்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைப் பார்த்து, 'எஞ்சினுக்குள் தண்ணி போயிடுச்சு' என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். பதற வேண்டாம். பெட்ரோல் எரிந்தாலே தண்ணீர் உண்டாகும். குளிரில் அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஹை-ஃப்ளோ என்றால்? அதே தேனடையைப் பீங்கானுக்குப் பதில் மெல்லிய உலோகத் தகட்டில் செய்து, கண்களை 200 ஆகவோ 100 ஆகவோ குறைப்பது. ஓட்டை பெரிசு, புகை சுலபமாகப் போகும். அதே சமயம் சுவரைத் தொடாமல் நழுவிப் போகிற புகையும் கூடும். பந்தய மைதானத்தில் ஓடும் பெரிய டர்போ எஞ்சின்களுக்கு இதில் பிரயோஜனம் உண்டு, மறுக்கவில்லை. நம் மச்சினனுடையது 90 குதிரை சக்தி உள்ள, டர்போ இல்லாத சின்னக் கார். அதற்குக் கம்பெனி கொடுத்த டப்பாவே தாராளம். எஞ்சின் கம்ப்யூட்டரையும் சேர்த்து மாற்றி அமைத்தால் நாலைந்து குதிரை வரலாம். டப்பாவை மட்டும் மாற்றினால் சத்தம்தான் வரும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி. அங்கே காற்று மெல்லிசு. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் வீதம் சக்தியை இழக்கும். 90-இல் ஐந்தில் ஒரு பங்கு காலி. கடற்கரையில் 90 குதிரை பூட்டிய வண்டி கொடைக்கானல் வந்து சேரும்போது 71 குதிரைதான் இருக்கும். மீதிப் பத்தொன்பதும் வழியில் பழனியிலும் சவரிக்காட்டிலும் டீ குடிக்க இறங்கியவை, திரும்ப ஏறவேயில்லை. ஒரு மாசச் சம்பளம் கொடுத்து ஐந்து வாங்கியவனிடமிருந்து மலை ஒரு பைசா வாங்காமல் பத்தொன்பதைப் பிடுங்கிக்கொள்கிறது! இதைச் சொன்னேன். "நீங்க எப்பவும் இப்படித்தான் மச்சான்" என்றான். கணக்கைத் தப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

இந்தத் தரகரைக் காருக்குள் கொண்டுவந்த கதை சுவாரஸ்யமானது. யூஜின் ஹூட்ரி என்று ஒரு பிரெஞ்சுக்காரர், அமெரிக்காவில் குடியேறிய பெட்ரோல் நிபுணர். லாஸ் ஏஞ்சலஸில் கார்ப் புகை கப்பிக்கொண்டதைப் பற்றிக் கவலைப்பட்டு 1950-களில் இதைச் செய்தார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் பட்டால் தேனடை செத்துவிடும். பெட்ரோலிலிருந்து ஈயம் போகத் தொடங்கிய பிறகு, 1975 மாடல் கார்களில்தான் அமெரிக்காவிலேயே இது பரவலாக வந்தது.

நம் ஊருக்கு? 1995 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம்தான், ஆனால் உருப்படியான காரியம். சுப்ரீம் கோர்ட்டில் நடந்த எம்.சி. மேத்தா வழக்கின் சூட்டில், டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நாலு நகரங்களிலும் புதுப் பெட்ரோல் காருக்குக் கன்வர்ட்டர் கட்டாயம் என்று ஆயிற்று. கூடவே ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. ஆனால் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில்தான். நடுவில் அந்த ஐந்து வருஷம் மெட்ராஸில் புதுக் கார் வாங்கிக் குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பியவர்களை நினைத்துப் பாருங்கள். பங்க் பங்க்காக, "ஈயமில்லாதது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். அவசரத்துக்குக் கிடைத்ததைப் போட்டு, ஒரே டூரில் கன்வர்ட்டரைச் சாகடித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களாவது தெரியாமல் கொன்றார்கள்.

பள்ளங்கிக்கு வருவோம். காலை வெளிச்சத்தில் பார்த்தால் காரின் டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு எஞ்சின் படம் எரிந்துகொண்டிருந்தது. "அது ஒண்ணுமில்ல, சென்சார் மச்சான். ஸ்பேஸர்னு ஒரு சின்னக் குழாய் போட்டா அணைஞ்சிடும்" என்றான். கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஆக்ஸிஜன் சென்சார்கள் உண்டு. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டு, தரகர் வேலை செய்கிறாரா தூங்குகிறாரா என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். ஸ்பேஸர் என்பது அந்தக் கண்காணிப்பாளரை நாலடி தள்ளி உட்கார வைக்கிற உபாயம். ஆபீஸ் போகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாமனார் பத்து மணிவாக்கில் மறுபடி இரும, நான் வற்புறுத்தி அவனைக் கொடைக்கானல் டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனேன். முப்பது வருஷமாக ஜீப்புக்கு அடியில் படுத்தே தலை நரைத்த மனிதர். டப்பாவைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். 'டங்' என்றது. பின் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, உள்ள தேன்கூடே இல்லியே. வெறும் குழாய்ல டப்பா வெல்டு வச்சிருக்கான்."

மச்சினன் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். என் வீட்டுக்காரி இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவள். அசல் ஹை-ஃப்ளோ என்று ஒன்று இருக்கிறது, விலையும் அசலாகவே இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி வெறும் குழாயை மாட்டிவிட்டாலும், காரை ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அவன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் நிற்கிறவருக்குத்தான் தெரியும். அதிலும் பாதிதான் தெரியும். கண்ணை எரித்து இருமல் கொடுப்பது எரியாத பெட்ரோலும் மற்றதும். அவற்றைவிடப் பொல்லாத கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை மூட்டிப் படுத்து, காலையில் எழுந்திருக்காதவர்களைப் பற்றி மலை ஊர்களிலிருந்து செய்தி வருகிறதே, அது இந்த ஆசாமியின் வேலைதான்.

"சரி தம்பி, பழைய கன்வர்ட்டர் எங்க? அதையே திருப்பி மாட்டிருவோம்" என்றார் மெக்கானிக்.

"கடைக்காரர் எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கிட்டார். பழைய இரும்புன்னு ஐந்நூறு ரூபா கழிச்சார்."

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தப் பழைய இரும்புக்குள் இருந்தது கிராம் கணக்கில் பிளாட்டினம் ஜாதி உலோகங்கள். 2021 மார்ச்சில் ரோடியம் 31 கிராம் கொண்ட ஒரு ட்ராய் அவுன்ஸுக்கு 29,000 டாலரை ஒட்டி விற்றது. அன்றைக்குத் தங்கத்தைப் போல் பதினைந்து மடங்குக்கு மேல்! அப்புறம் விலை சரிந்தது. இருந்தாலும் இரும்புக் கடைத் தராசில் நிறுக்கிற சரக்கு இல்லை. அந்தச் சமயத்தில் குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் ராத்திரியில் ஈகோ வேன்களுக்கு அடியில் புகுந்து சைலன்ஸரை மட்டும் அறுத்துக்கொண்டு போன கும்பல்களைப் போலீஸ் பிடித்தது. அந்தத் திருடர்களாவது தூக்கம் முழித்து, ரம்பம் பிடித்து உழைத்தார்கள். நம் ஆள் பட்டப்பகலில், ஏ.சி. ரூமில், கூல் டிரிங்க்ஸ் குடித்துக்கொண்டே, மேலே ஒரு மாசச் சம்பளமும் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

திரும்பி வரும் வழியில், அவன் மௌனமாக இருந்த தைரியத்தில், சட்டத்தையும் சொல்லிவைத்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாசம் வரை ஜெயில், லைசென்ஸுக்கும் மூன்று மாசம் ஓய்வு. பொல்யூஷன் சர்ட்டிஃபிகேட் எடுக்கப் போனால், ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெறும் குழாயை வைத்துக்கொண்டு அதைத் தாண்டாமல் இருப்பது, கிணற்றில் குதித்துவிட்டு வேட்டி நனையாமல் இருப்பது மாதிரி.

கொடைக்கானலுக்கு வருகிற வண்டிகளுக்கு 2024 மே 7-லிருந்து ஹைகோர்ட் உத்தரவில் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து சீசனில் வார நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000 என்று எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டார்கள். எண்ணத்தான் வேண்டும். ஆனால் உள்ளே தேன்கூடு இல்லாத ஒரு கார், ஒழுங்கான பத்துக் கார்களின் விஷத்தைத் தான் ஒருவனாகவே கக்கிக்கொண்டு, 'ஒன்று' என்ற கணக்கில் மலையேறிவிடுகிறது.

கம்பெனி ஷோரூமுக்குப் போன் போட்டு அசல் கன்வர்ட்டர் விலையைக் கேட்டான். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பூண்டுப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே லோன் தவணை, அதற்கு மேல் இது.

சாயங்காலம் மாமனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மலை வீட்டில் சுவர் மெல்லிசு.

"பூண்டு வித்த காசு இருக்கு. வாங்கிப் போட்ரு."

"வேணாம்ப்பா. நானே பாத்துக்கறேன். உங்க நெஞ்சுக்கு..."

"எனக்கு என்னடா, ரெண்டு நாள் இருமிட்டுப் போறேன்" என்றார் மாமனார். "காலைல நீ வந்த சத்தத்துல மாடு மிரண்டு இன்னும் பால் இறக்கல. உங்கம்மா பால் பவுடர்ல காபி போட்டிருக்கா. குடிச்சுப் பாரு, தெரியும்."